எதிரியே துணைவன்
அமோஸ் அலொன்சோ ஸ்ராக் வரலாறு

ஒரு செயலைத் தொடங்குமுன் அச்செயலின் வலிமை, தன் வலிமை, எதிர்நிற்பவரின் வலிமை, துணைநிற்பவரின் வலிமை ஆகிய நான்கினையும் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டுமென வலியறிதல் என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் வகுத்துரைத்தார். அரசர்க்குச் சொன்ன அறமாயினும் அது ஆடுகளத்துக்கும் பொருந்துவதே. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. போர்க்களத்திலே பகைவர் வேறு, துணைவர் வேறு. ஆடுகளத்திலோ எதிர்நிற்பவரே துணைவருமாவர். எதிரி வலியனாயின் நம் வலிமை வளரும். அவன் மெலிந்தால் நாமும் மெலிவோம். இவ்வுண்மையைத் தமது நெடிய வாழ்விலே கண்டவர் அமெரிக்கப் பயிற்றாசிரியர் அமோஸ் அலொன்சோ ஸ்ராக். அவருடைய வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என வழங்குவது நாம் அறிந்த உதைபந்தாட்டமன்று. அது றக்பி ஆட்டத்தின் வழிவந்தது. பக்கத்துக்குப் பதினொருவர் நின்று, நீள்முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரணியாரை மோதித் தள்ளியும் எல்லைக்கோட்டைக் கடக்க முயலும் ஆட்டம் அது. அந்நாட்டிலே இவ்வாட்டம் பெரிதும் வளர்ந்தது கல்லூரிகளின் களங்களிலேயாகும்.

ஸ்ராக் 1862ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 16ஆம் நாள், நியூ ஜேசி மாநிலத்திலே வெஸ்ற் ஒறேஞ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் செருப்புத் தைக்கும் தொழிலாளி. வீட்டில் வறுமை குடியிருந்தது. அவ்வறுமையோடு பொருதே கல்வி கற்று, யேல் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே பேஸ்போல் ஆட்டத்திற் பந்தெறிவதில் அவர் பெரும்புகழ் பெற்றார். பொருளுக்காக ஆடும் சங்கங்கள் பல அவரை அழைத்தன. ஏழை மாணவனுக்கு அப்பணம் எத்துணை இனித்திருக்கும்! ஆயினும் ஸ்ராக் அவ்வழைப்புக்களை மறுத்துவிட்டார். கல்லூரிக்காக ஆடுவது கல்வியின் ஒரு பகுதி, கூலிக்காக ஆடுவது வேறொரு தொழில் என்பது அவர் கொள்கை. 1889ஆம் ஆண்டு அமெரிக்க உதைபந்தாட்ட வீரருட் சிறந்த பதினொருவரைத் தெரிந்து முதன்முறையாக ஒரு பட்டியல் வகுத்தபோது அவர் பெயரும் அதில் இடம்பெற்றது.

சமயகுரவராதலே அவர் முதலிற் கொண்ட நோக்கம். ஆயின் மேடையிலே நாவன்மை தமக்கு வாய்க்கவில்லை என உணர்ந்து, இளைஞரை ஆடுகளத்தில் நெறிப்படுத்துவதையே தம் ஊழியமாக வரித்துக்கொண்டார். ஸ்பிறிங்பீல்ட் நகரிலுள்ள கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கல்லூரிக்கு அவர் சென்ற காலத்தில், 1891ஆம் ஆண்டு டிசெம்பரில், அங்கு பணியாற்றிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தைப் படைத்தார். அடுத்த மார்ச்சில் ஆசிரியரும் மாணவரும் பொதுமக்கள் முன்னிலையில் அவ்வாட்டத்தை ஆடியபொழுது மாணவர் ஐந்துக்கு ஒன்று என வென்றனர். ஆசிரியர் பெற்ற அந்த ஒன்றை ஈட்டியவர் ஸ்ராக்.

யேலில் எபிரேய மொழி கற்பித்த வில்லியம் றெயினி ஹாப்பர் என்னும் பேரறிஞர், புதிதாய்த் தோன்றிய சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானார். அவர் 1892ஆம் ஆண்டில் ஸ்ராக்கை அழைத்து, உடற்கல்வித் துறையிலே பேராசிரியர் வரிசையில் நிலையான பதவி கொடுத்தார். பயிற்றுபவனும் ஆசிரியனே என்பதை ஒரு பல்கலைக்கழகம் இவ்வாறு ஏற்றுக்கொண்டது அந்நாளிற் புதுமையாகும். முதலாண்டில் ஆடுவோர் தொகை போதாமையால் ஆசிரியரே மாணவரோடு களத்தில் இறங்கினார். அங்கு தொடங்கிய பணி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

அக்காலத்திற் கல்லூரி ஆட்டம் ஒழுங்கற்றுக் கிடந்தது. இன்று ஓரணிக்கும் நாளை மற்றோரணிக்கும் ஆடிய நாடோடி ஆட்டக்காரரும், வகுப்பறையை எட்டியும் பாராத மாணவரும் மலிந்திருந்தனர். இதனைத் திருத்தும் பொருட்டு 1895ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் மேற்குப் பகுதியின் ஏழு கல்வி நிலையங்களின் தலைவர்கள் சிக்காகோ நகரிற் கூடினர். முழுநேர மாணவனாய், பாடங்களிற் பின்தங்காதவனாய் உள்ளவனே ஆடலாம் என வரையறுத்தனர். அடுத்த ஆண்டு சிக்காகோ, இலினோய், மிச்சிகன், மினசோட்டா, நோர்த்வெஸ்ரேண், பேர்டியூ, விஸ்கொன்சின் என்னும் ஏழும் ஒரு கூட்டமைப்பாயின. பின்னாளிற் பெரும் பத்து என்று பெயர்பெற்றது இதுவே.

ஒரு கூட்டமைப்பின் வலிமை யாது? அதில் முதல்வனாய் நிற்பவனின் வெற்றித்தொகையை எண்ணுவதாலே அது விளங்காது. கடைசியில் நிற்பவன் முதல்வனை எத்துணைத் தூரம் வியர்க்கச் செய்கின்றான் என்பதே உரைகல். மேற்கின் கூட்டமைப்பு அத்தகைய வலிமை பெற்றது. ஸ்ராக்கின் அணி அதிலே 1899 முதல் 1924 வரை ஏழுமுறை முதலிடம் பெற்றது. குறியீட்டெண் பொறித்த உடை, மோதிப் பழகும் பொம்மை, ஆட்டத்திடையே வட்டமாய்க் கூடி ஆலோசித்தல் முதலிய பல புதுமைகள் இக்காலத்தில் அவரிடமிருந்து தோன்றின, அன்றேல் அவரால் வளர்ந்தன என்பர்.

அவ்வெற்றிகளுள் தலையாயது 1905ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் நிகழ்ந்தது. ஐம்பத்தாறு ஆட்டங்களில் தோல்வியே காணாத மிச்சிகனை அன்று சிக்காகோ இரண்டுக்குப் பூச்சியம் என வென்றது. வோல்ற்றர் எக்கசால் உதைத்த பந்தை மிச்சிகன் வீரர் டெனிசன் கிளார்க் ஏந்தி ஓட முயன்றார். அவரைச் சிக்காகோ அணியினர் அவருடைய எல்லைக்கோட்டுக்குப் பின்னே தள்ளி வீழ்த்தினர். அதனாற் கிடைத்த இரண்டு புள்ளிகளே அன்றைய வெற்றி. நகரம் களிகூர்ந்தது. ஆயின் வென்றவர் கதையையும் தோற்றவர் கதையையும் ஆசிரியராயினார் முழுமையாய் அறிதல் வேண்டும். வெற்றிவீரர் எக்கசால் பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார். தோற்ற கிளார்க், 1932ஆம் ஆண்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அந்நாளின் பிழை இறுதிவரை அவர் நெஞ்சை அரித்தது என்பர். ஓர் இளைஞனின் ஒரு கணத்துப் பிழையை வாழ்நாட் பழியாக்கிய ஆரவாரத்துக்குப் பெரியோரும் பொறுப்புடையரே.

ஸ்ராக்கும் அப்பொறுப்பினின்றும் முற்றாக நீங்கினாரல்லர். மதுவும் புகையும் தீண்டாத தூயர், சூளுரையாத நாவினர் என்பது உண்மை. எனினும் வெற்றிவேட்கை அவரையும் பற்றியிருந்தது. உயர்பாடசாலை மாணவர்க்கெனப் பெரிய போட்டிகளைத் தம் பல்கலைக்கழகத்திலே நடத்தி, அவருட் சிறந்தாரை அங்கேயே ஈர்த்துக்கொண்டார். அவர்களிற் சிலரின் கல்வித்தகைமை ஐயத்துக்குரியதாயிருந்தது. 1905ஆம் ஆண்டில் நாடெங்கும் இவ்வாட்டத்திற் பல இளைஞர் உயிரிழந்தமையால் ஆட்டத்தையே ஒழித்தல் வேண்டுமெனக் குரல் எழுந்தது. சனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ற்றும் தலையிட்டார். 1906ஆம் ஆண்டில் கூட்டமைப்பு கடுமையான விதிகளை இயற்றியது. ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்கள், ஒருவனுக்கு மூன்றாண்டு, முதலாண்டு மாணவர்க்கு இடமில்லை, பயிற்றுநர் நிலையான ஆசிரியராயிருத்தல் வேண்டும் என்பன அவை. இவற்றை ஒவ்வாத மிச்சிகன் வெளியேறிப் பல ஆண்டுகள் தனித்து நின்று, 1917ஆம் ஆண்டிலே திரும்பியது. வலியதொரு பல்கலைக்கழகமும் துணையின்றி நெடுநாள் தனித்து நிற்க விரும்பாது என்பதற்கு இது சான்று.

காலம் மாறியது. கூட்டமைப்பின் மற்றைய உறுப்பினருட் பெரும்பாலார் மாநில அரசின் பல்கலைக்கழகங்கள். அவற்றின் மாணவர் தொகை ஆண்டுதோறும் பெருகியது. சிக்காகோவோ ஆராய்ச்சியிலே நாட்டங்கொண்டு, இளமாணவர் தொகையைச் சிறிதாகவே வைத்திருந்தது. தான் அமைத்த கூட்டமைப்பின் வலிமைக்கு அதுவே ஈடுகொடுக்க இயலாதாயிற்று. 1932ஆம் ஆண்டில், எழுபது வயது நிறைந்தமை காட்டி, இளந்தலைவர் றொபேட் ஹச்சின்ஸின் நிருவாகம் ஸ்ராக்கைப் பயிற்சிப் பணியினின்றும் ஓய்வுபெறச் செய்தது. வேறொரு பதவி தர முன்வந்தது. களத்தை விட்டுக் கதிரையில் அமர அம்முதியவர் இசைந்தாரல்லர். கலிபோர்ணியாவின் ஸ்ரொக்ரன் நகரிலிருந்த பசிபிக் கல்லூரி என்னும் சிறு கல்லூரிக்குச் சென்று, எழுபதாம் வயதிற் புதிதாய்த் தொடங்கினார்.

அங்கே அவர் செய்ததை நம் ஆசிரியர் கூர்ந்து நோக்குதல் நன்று. தம் சிறு அணிக்கு எளிய எதிரிகளையே தேடி எண்ணிக்கை வெற்றி சேர்த்தாரல்லர். நிகரான சிறு கல்லூரிகளின் கூட்டமைப்பிலே ஆடியதோடு, பெரும் பல்கலைக்கழகங்களையும் வலிந்து தேடிச்சென்று ஆடினார். தோல்விகள் பல வந்தன. ஆயினும் 1938ஆம் ஆண்டில் அவ்வணி சிக்காகோவுக்கே சென்று, அவர் பெயர் தாங்கிய ஸ்ராக் களத்திலேயே அவருடைய பழைய பல்கலைக்கழகத்தை 32க்குப் பூச்சியம் என வென்றது. அடுத்த ஆண்டு மிச்சிகன் சிக்காகோவை 85க்குப் பூச்சியம் எனச் சிதைத்தது. 1939ஆம் ஆண்டு டிசெம்பரில் சிக்காகோ அவ்வாட்டத்தையே கைவிட்டது. 1946இற் கூட்டமைப்பினின்றும் நீங்கியது. இதற்கிடையே 1942ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் நாள், ஆட்டமொழிந்த அக்களத்தின் பார்வையாளர் படிகளின் கீழே, என்றிக்கோ பேர்மி முதலிய அறிஞர் அணுக்கருத் தொடர்வினையை முதன்முறையாக இயக்கிக் காட்டினர். பின்னர் அக்களம் அழிக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டிலே அவ்விடத்திற் பெரியதொரு நூல்நிலையம் திறக்கப்பட்டது.

ஸ்ராக்கின் உழைப்போ ஓயவில்லை. 1943ஆம் ஆண்டில், போர்க்காலத்துக் கடற்படைப் பயிற்சி மாணவரையும் கொண்ட பசிபிக் அணியை வழிநடத்தி, எண்பத்தோராம் வயதில் அவ்வாண்டின் தலைசிறந்த பயிற்றுநர் எனத் தெரியப்பட்டார். 1947 முதல் 1952 வரை பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா என்னும் சிறு கல்லூரியிலே, தலைமைப் பயிற்றுநராயிருந்த தம் மகனுக்குத் துணைநின்றார். தந்தை மகனுக்குக் கீழ் பணிசெய்வதை இழிவாக எண்ணவில்லை. 1894இல் அவரை மணந்த ஸ்ரெல்லா அம்மையாரும் எதிரணிகளின் ஆட்டத்தை நோக்கிக் குறிப்பெழுதி உதவிய உண்மைத் துணைவராவர். அம்மையார் 1964இற் காலமானார். மறு ஆண்டு மார்ச் 17ஆம் நாள், நூற்றிரண்டாம் வயதில் ஸ்ராக்கும் ஸ்ரொக்ரனில் மறைந்தார்.

அவர் பெயர் சிறு கல்லூரிகளின் இறுதியாட்டத்துக்கு வாய்த்தது. 1973ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் கல்லூரிகளை மூன்று பிரிவாக்கியது. அவற்றுள் மூன்றாம் பிரிவினர் ஆட்டத்திறனுக்காக உதவிப்பணம் கொடுத்தலாகாது. அப்பிரிவில் தோற்றவர் விலக வென்றவர் மேற்செல்லும் சுற்றுப்போட்டி அவ்வாண்டு நான்கு அணிகளோடு தொடங்கியது. அதன் இறுதியாட்டமே ஸ்ராக் கிண்ண ஆட்டம். 1999 முதற் கூட்டமைப்புக்களின் முதல்வர்க்கு இயல்பாகவே இடம் தரப்பட்டது. 2024இல் அணிகள் நாற்பதாயின.

இங்கேதான் கூட்டமைப்பின் வலிமை பற்றிய பழைய வினா மீண்டும் எழுகின்றது. மெலிந்த கூட்டமைப்பின் முதல்வன் உள்ளே புக, வலிய கூட்டமைப்பின் இரண்டாமவன் வாயிலில் நிற்பது முறையோ எனச் சிலர் வினவுவர். ஒகையோக் கூட்டமைப்பின் மவுண்ட் யூனியன் 1993 முதல் 2017 வரை பதின்மூன்று முறை கிண்ணம் வென்றது. விஸ்கொன்சின் கூட்டமைப்பின் வைற்வோட்டர் 2007 முதல் 2014 வரை ஆறுமுறை வென்றது. 2005 முதல் 2011 வரை ஏழாண்டும் இவ்விரண்டுமே இறுதியில் மோதின. ஆயினும் ஒரு வேறுபாடு காண்க. ஒகையோவில் நெடுங்காலம் ஏறத்தாழ ஆண்டுதோறும் மவுண்ட் யூனியனே முதலிடம் பெற்றது. விஸ்கொன்சினிலோ வைற்வோட்டருக்கு முன்னரே லா குறொஸ் 1992இலும் 1995இலும் கிண்ணம் கொண்டது. ஒரு மரம் வானளாவ நிற்பது ஒரு சிறப்பு. தோப்பே உயர்ந்து நிற்பது மற்றொரு சிறப்பு. முன்னதன் புகழ் ஒருவர்க்குரியது. பின்னதன் புகழ் அனைவர்க்கும் உரியது. கூட்டமைப்பின் வலிமை எனத்தக்கது பின்னதே. எனினும் மெலிந்தவர்க்கு வாயிலை அடைத்தல் தகாது. வலியாரோடு ஆடாதவன் வலியனாவது எங்ஙனம்? சிறு பசிபிக் அணியோடு பெரியாரைத் தேடிச்சென்ற ஸ்ராக்கின் செயலே இவ்வினாவுக்கு விடையாகும்.

அவருடைய 314 வெற்றிகள் என்னும் தொகையை 1981ஆம் ஆண்டிற் பெயர்பெற்ற பெரும் பல்கலைக்கழகப் பயிற்றுநரான போல் பிறயன்ற் கடந்தார். பின்னர் அனைவரையும் கடந்து 489 வெற்றியோடு 2012இல் ஓய்வுபெற்ற ஜோன் கக்லியாடியோ, மினசோட்டாவில் சென் ஜோன்ஸ் என்னும் சிறு கல்லூரியின் ஆசான். சிக்காகோப் பல்கலைக்கழகமும் 1969ஆம் ஆண்டில் மீண்டும் அணி அமைத்து, மூன்றாம் பிரிவிலே, படிப்பே முதலெனக் கொண்ட கல்லூரிகளோடு ஆடி வருகின்றது. பெரியாரோடு நிகர்த்து நிற்க முயன்று தளர்ந்த அப்பல்கலைக்கழகம், தன்னை ஒத்தாரிடையே தன் இடத்தைக் கண்டுகொண்டது. தன் வலி அறிந்து தக்க துணையைத் தேர்வது தோல்வியன்று, அதுவும் அறிவுடைமையே. தம் மாணவரைக் களத்துக்கு அனுப்பும் ஆசிரியர் ஒவ்வொருவரும் இதனைச் சிந்தித்தல் வேண்டும். வெற்றிக்கேடயம் அலுமாரியில் மங்கிவிடும். எதிர்நின்று ஆடியவனைத் துணைவனாக மதிக்கக் கற்ற மாணவனோ, அக்கல்வியை வாழ்நாள் முழுதும் உடன்கொண்டு செல்வான்.