குமாரசாமி ராஜா: குலப்பெயரும் குலக்கடனும்

உயர்குடிப் பிறப்பு என்பது யாது? முன்னோர் தேடிய கீர்த்தியைப் பின்னோர் இருந்து துய்ப்பதா, அன்றி அதனைக் கடனாக ஏற்று நாட்டிற்குத் திருப்பி அளிப்பதா? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக வைத்துச் சென்றவர் பூசபாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா அவர்கள்.

ஆந்திர நாட்டினின்று படைத்தொழில் பூண்டு தெற்கே போந்த க்ஷத்திரியர் வழியினர் நாம் என்பது நம்மவர் வழிவழியாகக் கூறிவரும் வரலாறு. அக்குலத்தில், அந்நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவைச் சேர்ந்திருந்த இராஜபாளையத்தில், 1898ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் அன்னார் பிறந்தார். பிறந்த சின்னாளில் தாயையும், மூன்றாம் வயதில் தந்தையையும் இழந்து, பாட்டியாரின் அரவணைப்பில் வளர்ந்தார். ‘ராஜா’ என்னும் பெயர் பிறப்பினால் வந்தது. பெருமையோ தொண்டினால் வந்தது. காந்தியடிகளின் நெறி நின்று விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். 1934இல் மத்திய சட்டசபை உறுப்பினரானார்.

1949ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்றார். குடியரசு மலர்ந்தபின் அப்பதவியே முதலமைச்சர் பதவி எனப்பட்டது. அக்காலத்திலேதான் 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பாளையக்காரராயிருந்து, 1802ஆம் ஆண்டின் நிரந்தர ஒப்பந்த முறையால் ஜமீன்தாரானோரின் பரம்பரை உரிமைகள் நஷ்டஈட்டுடன் முடிவுற்றன. நம் ஊருக்கு அண்மையிலுள்ள சேற்றூர், சிவகிரி ஜமீன்களும் இவ்வாறே மறைந்தன. பெயரில் அரசப் பட்டம் தாங்கிய ஒருவரின் ஆட்சியிலே பிறப்பால் வந்த நிலவுரிமை நீங்கியது சிந்திக்கத்தக்கது.

பிறப்பு வாக்கினையும் ஈட்டித் தருவதில்லை. 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் நின்ற அன்னார் தோல்வியுற்றார். சொந்தச் சீமையின் மக்களே அளித்த தீர்ப்பு அது. ஆட்சிப் பொறுப்பு ஏப்ரல் 10ஆம் நாள் இராஜாஜியின் கைக்கு மாறியது. பின்னர் 1954 முதல் 1956 வரை ஒரிஸ்ஸாவின் கவர்னராக விளங்கினார். சுதேச மன்னர் பலர் தம் ராஜ்யங்களை இந்தியாவுடன் இணைத்துவிட்ட அந்நாட்டில், பரம்பரையால் அன்றி நியமனத்தால் அமர்ந்த ராஜா அவர்.

தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கென ஈந்து, 1957இல் இவ்வுலக வாழ்வை நீத்தார். சந்ததிக்கென வைத்துப் போகத்தக்க வீடு ஊர்ப்பொதுவாயிற்று.

நம் சிறுவர் தம் பெயரின் ஈற்றில் ‘ராஜா’ என்று எழுதும்போது, அஃது ஒரு சலுகைச் சீட்டன்று, முன்னோர் எழுதிவைத்த கடன்பத்திரம் என்பதைப் பெற்றோர் எடுத்துரைத்தல் வேண்டும். அக்கடனைத் தீர்த்துக் காட்டியவர் நம்மிடையே வாழ்ந்தார்.