தாய்மண்ணை எழுதிய இன்கா கார்சிலாசோ

விடுதியில் சேர்ந்த முதலாண்டில் ஊரிலிருந்து ஒரு பை நிறையக் கொடுக்காப்புளி கொண்டு வந்தேன். நகரத்து நண்பர் ஒருவர் அதைக் கண்டு நகைத்தார். அந்தச் சிரிப்பு நெஞ்சில் தைத்தது. பையைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பின்னர்த் தாவரவியல் பயிலும்போது, கொடுக்காப்புளியின் தாயகம் மெக்சிகோ முதல் தென் அமெரிக்காவின் வடபகுதி வரையுள்ள நிலம் என்றும், ஒரு காலத்தில் அதனை இங்கா என்னும் மரப் பேரினத்தில் சேர்த்திருந்தனர் என்றும் அறிந்தேன். அந்த இங்கா மரங்களைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் கார்சிலாசோ தெ ல வேகா என்னும் பெருமகனாரை அறிந்துகொண்டேன்.

அவர் 1539-ஆம் ஆண்டு பெரு நாட்டின் குஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை ஸ்பானியப் படைத்தலைவர். தாய் சிம்பு ஒக்யோ இன்கா அரசகுலத்து நங்கை. இன்காப் பேரரசு வீழ்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. தாயின் உறவினர் கூடி, இழந்த ஆட்சியை எண்ணிக் கண்ணீர் வடிப்பர். அக்கதைகளைக் கேட்டே சிறுவர் வளர்ந்தார். தந்தையோ தாயை விட்டு ஒரு ஸ்பானியப் பெண்ணை மணந்தார்.

1559-இல் தந்தை மறைந்தார். மறு ஆண்டு, 20 வயதில், கார்சிலாசோ ஸ்பெயினுக்குப் புறப்பட்டார். தந்தையின் பணிக்கு உரிய பயனைக் கேட்டு அரசவையில் விண்ணப்பித்தார், அது மறுக்கப்பட்டது. மோந்தீயா என்னும் ஊரில் தந்தையின் உடன்பிறந்தவர் ஆதரவிலும், பின்னர்க் கோர்டோபா நகரிலும் வாழ்ந்தார். 1571-இல் தாய் மறைந்தார். பிறந்த மண்ணை அவர் மீண்டும் காணவேயில்லை.

காண முடியாத மண்ணை அவர் எழுதினார். 1609-இல் லிஸ்பன் நகரில் வெளிவந்த அவரது பெருநூல், இன்கா மன்னர்களின் வரலாற்றோடு, அந்நாட்டு மரங்களையும் கனிகளையும் பேசுகிறது. அவற்றுள் ஒன்று பக்காய். நம் செவிக்குத் தமிழ்ப் பெயர்போலவே ஒலிக்கும் இம்மரம் இங்கா பேரினத்தைச் சேர்ந்தது. அதன் பச்சை நெற்று ஒரு சாண் நீளமும் இரு விரல் அகலமும் கொண்டது என்கிறார் அவர். பிளந்தால் உள்ளே வெண்பஞ்சு போன்ற இனிய சதையும், அதனுள் கறுப்பு விதைகளும் இருக்கும். புதிதாக வந்த ஸ்பானியர், தின்னப் பஞ்சைக் கொடுத்துத் தங்களைக் கேலி செய்வதாக எண்ணி, அதைக் கொடுத்த மக்களோடு சண்டையிட்டனராம்! அன்போடு நீட்டிய கனி பகையாகிவிட்டது. இரு சாராரின் மொழியும் அறிந்த அவரே அதை விளக்கத் தகுந்தவர்.

இம்மரத்தை வளர்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. விதையை உலர்த்திச் சேமிக்க இயலாது. நெற்றுக்குள்ளேயே முளைவிடுவதும் உண்டு. எனவே கனியிலிருந்து எடுத்த சூட்டோடு ஊன்ற வேண்டும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துவதால் மண்ணும் வளம் பெறும். அதனாலேயே இங்கா இனத்து மரங்களைக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கின்றனர். நெடுங்கடல் பயணத்தைத் தாங்காத விதையது. ஆயினும் அக்கனியின் சுவையைக் கார்சிலாசோவின் எழுத்து கடல் கடத்தியது.

1616-இல் அவர் கோர்டோபாவில் மறைந்தார். 1780-இல் பெருவில் இரண்டாம் துபாக் அமாருவின் கிளர்ச்சி எழுந்தது. அதன்பின், 1782-இல் ஸ்பானிய அரசு அவரது நூலுக்குத் தடை விதித்தது. வென்றவரின் மொழியில் எழுதியும், தோற்றவரின் நினைவை அது காத்ததே காரணம். 1978-இல் அவரது அஸ்தியின் ஒரு பகுதி குஸ்கோவுக்குக் கொண்டுவரப்பட்டது. 20 வயதில் புறப்பட்டவர் நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் தாய்மண் சேர்ந்தார்.

நண்பர்களே, நம் ஊர்க் கனியைக் கண்டு பிறர் நகைத்தால், அதை ஒளிக்க வேண்டியதில்லை. அது இன்னதென்று எடுத்துச் சொன்னால் போதும். அடுத்த பருவத்தில் நான் கொண்டுவந்த பையை அறை மேசைமீதே வைத்தேன். முதலில் கைநீட்டியவர் அதே நண்பர்தாம்.