திருஏடு தந்த அரிகோபாலன் சீடர்



அய்யாவின் சீடர் ஐவரில் சகாதேவன் என்று பேர்பெற்றவர் தாமரைகுளம் அரிகோபாலன் சீடர். கார்த்திகையில் திருஏட்டின் முன் அமரும் நாம் அவரை நினைத்துப் பார்ப்பது நல்லது.

அவர் வாழ்ந்தது திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலம். பனையேறிப் பிழைத்த மக்கள் தலைக்கும் வரி கட்டினார்கள், பனைக்கும் வரி கட்டினார்கள். கூலியில்லாமல் ஊழியம் செய்தார்கள். பெண்கள் மேலாடை போடத் தடை, ஆண்கள் தலைப்பாகை கட்டத் தடை. அய்யாவையே சிங்காரத்தோப்பில் சிறைவைத்தார்கள்.

1839-ல் அய்யா சிறை மீண்டார். அதன்பின் கொல்லம் 1016 கார்த்திகை 27-ல் சீடர் எழுத்தாணி எடுத்தார். உறங்கிக் கிடந்தவரை நாராயணர் எழுப்பி, சொல்லச் சொல்ல எழுதவைத்தார் என்பது வழிவழியாக நாம் கேட்டு வரும் செய்தி. தன் புலமையால் பாடியதாக அவர் உரிமை கொண்டாடவில்லை. எழுதியது பனையோலையில். வரி போட்டார்களே, அதே பனைதான்!

நாராயணர் அன்னை இலட்சுமிக்குச் சொல்வதாக எட்டு யுகங்களின் கதை அதில் வருகிறது. நீடிய யுகத்தில் குறோணி ஆறு துண்டாவது முதல், தர்மயுகத்தில் வைகுண்டர் ஒருகுடைக்குள் அரசாள்வது வரை.

கேட்டவர்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது. அம்மானை நடையில் இழுத்துப் படிக்கும்போது காதால் கேட்டே மனதில் கண்டார்கள். கஞ்சிக்கு உப்பில்லாத வீட்டுக்காரனைத் திருஏடு சான்றோர் என்று அழைத்தது. கன்னியர் ஏழுபேர் பெற்ற நாராயணர் பிள்ளை என்றது. ஊரில் அவனைக் கூப்பிட்ட பேர் வேறு. பொய்யில்லாத, வரியில்லாத ஒரு நாட்டை உள்ளுக்குள் பார்த்துவிட்டவனுக்கு மறுநாள் முதுகு வளைய மறுக்கும். தாங்கல்களில் ஆண்கள் தலைப்பாகை கட்டி நின்று அய்யாவை வணங்கினார்கள்.

இப்போது சில இடங்களில் 17 நாளுக்குள் முடித்தாக வேண்டுமென்று ஏட்டை ஓட்டுகிறார்கள். குறோணி வெட்டுப்படும் இடத்தையும் திருக்கல்யாணத்தையும் ஒரே வேகத்தில் படித்தால் கேட்பவர் மனதில் என்ன விரியும்? ஒரு யுகம் முடிந்ததும் சற்று நிறுத்தலாம். பிள்ளைகளிடம் என்ன கண்டாய் என்று கேட்கலாம்.

திருஏடு அச்சேறியது 1939-ல். அதுவரை ஓலையைப் பார்த்து ஓலையில் எழுதித்தான் ஊர்களுக்குப் போனது. சீடரின் தாமரைகுளம் இன்று பஞ்சபதிகளில் ஒன்று.