ஸ்டாச்சு நிறுத்தத்தில் நிற்கும் திவான்

திருவனந்தபுரத்தில் செக்ரடேரியட்டுக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தத்துக்கு ஸ்டாச்சு என்று பெயர். பிழைப்புக்காக இந்நகருக்கு வந்த தமிழர்களில் அங்கே ஏறி இறங்காதவர்கள் குறைவு. அந்தப் பெயருக்குக் காரணமான சிலை யாருடையது என்று நின்று பார்த்தவர்கள் இன்னும் குறைவு. சிலையாக நிற்பவர் சர் டி. மாதவராவ். கும்பகோணத்துக்காரர். நாகர்கோவிலிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் நாம் வந்து சேரும் சாலைகளுக்கும் அவருக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

1828 நவம்பர் 20-ல் தஞ்சை மராத்தியக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தை ரங்கராவும், தந்தையின் உடன்பிறந்த வெங்கடராவும் திருவிதாங்கூரில் திவான் பதவி வகித்தவர்கள். மாதவராவ் சென்னை உயர்நிலைப் பள்ளியில் பவல் துரையிடம் கணிதமும் விஞ்ஞானமும் கற்று 1846-ல் சிறப்பாகத் தேறினார். பிறகு அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் உத்தியோகம். கணக்குப் புத்தகங்களோடு கழித்த அந்தக் கொஞ்ச காலம் வீண் போகவில்லை. பின்னாளில் ஒரு ராஜ்யத்தின் கணக்கையே நேர் செய்ய வேண்டியிருந்தபோது அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

1849-ல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அழைக்கப்பட்டார். ஆயில்யம் திருநாளும் விசாகம் திருநாளும் அவருடைய மாணவர்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பின் ரெவினியூ இலாகாவில் சேர்ந்து, திவான் பேஷ்காராக உயர்ந்து, தெற்குப் பகுதியின் நிர்வாகத்தைப் பார்த்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தாலுகாக்கள் அந்தப் பகுதியைச் சேர்ந்தவை. 1857-ல் திவான் கிருஷ்ணராவ் காலமானதும் பொறுப்பு மாதவராவிடம் வந்தது. மறு ஆண்டு பதவி உறுதியானது. அப்போது வயது முப்பதுகூட நிரம்பவில்லை.

கைக்கு வந்த ராஜ்யம் எப்படி இருந்தது? கஜானா காலி. சர்க்கார் சிப்பந்திகளுக்குச் சம்பளம் பாக்கி. பத்மநாபசுவாமி கோயில் பண்டாரத்திலிருந்து வாங்கிய கடன் தலைக்கு மேல் நின்றது. நிர்வாகம் திருந்தாவிட்டால் ராஜ்யத்தையே எடுத்துக்கொள்வோம் என்று டல்ஹௌசி பிரபு 1855-ல் எச்சரித்திருந்தார். அது வெறும் மிரட்டல் அல்ல. அதே ஆண்டில்தான் வாரிசு இல்லை என்று சொல்லி மாதவராவின் சொந்தச் சீமையான தஞ்சாவூரைக் கம்பெனியார் விழுங்கினார்கள். மறு ஆண்டு அயோத்தி போயிற்று. அடுத்தது திருவிதாங்கூராக இருந்திருக்கலாம்.

இப்படிப்பட்ட நிலையில் வேறொருவராக இருந்தால் வரியை உயர்த்தியிருப்பார். மாதவராவ் வரவு வராத காரணத்தைத் தேடினார். மிளகு பயிரிட்டவன் அதைச் சர்க்காருக்குத்தான் விற்க வேண்டும், சர்க்கார் சொன்ன விலைக்குத்தான் விற்க வேண்டும். புகையிலை வியாபாரமும் சர்க்காரின் தனி உரிமை. எல்லைக்கு வந்தால் சுங்கச் சாவடி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே சரக்கு உள்ளே வந்தாலும் வரி, இங்கிருந்து வெளியே போனாலும் வரி. இவற்றைத் தவிர சில்லறை வரிகள் நூற்றுக்கு மேல். இதற்கிடையில் நல்ல வண்டிப் பாதை போட்டால் மட்டும் என்ன பயன்? வண்டி சாவடி வரை வேகமாக வந்து, அங்கே மணிக்கணக்கில் நிற்கும்!

இங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. 1860-ல் மிளகு ஏகபோகத்தை எடுத்தார். யாரும் யாருக்கும் விற்கலாம், ஏற்றுமதியின்போது தீர்வை கட்டினால் போதும் என்றாயிற்று. 1863-ல் புகையிலை ஏகபோகமும் போயிற்று. அதே ஆண்டுக்குள் ராஜ்யத்தின் கடனும் அடைந்தது. 1865-ல் பிரிட்டிஷ் சர்க்கார், கொச்சி, திருவிதாங்கூர் மூன்றும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி, சில பொருள்களைத் தவிர, இந்தச் சீமைகளுக்குள் போய் வரும் சரக்குகளின் மீதிருந்த சுங்கம் நீங்கியது. அதே ஆண்டில் சர்க்கார் பாட்ட நிலத்தில் பயிர் செய்தவர்களுக்கு அந்த நிலத்தை விற்கவும் அடகு வைக்கவும் உரிமை கிடைத்தது. தன் நிலம் என்றானபின் அதில் தென்னை வைக்கவும் மிளகுக் கொடி ஏற்றவும் குடியானவனுக்குத் துணிவு வந்தது. வரி குறைந்தும் வருமானம் ஏறியது.

அந்த வருமானம் மராமத்து இலாகாவுக்குப் போயிற்று. வில்லியம் பார்ட்டன் என்ற பொறியாளர் தலைமை ஏற்றார். 1865-ல் அடிக்கல் நாட்டி 1869-ல் திறந்த செக்ரடேரியட் கட்டடம் அவர் கட்டியதுதான். ஆனால் அந்த வெள்ளைத் தூண்களைவிடப் பெரிய வேலை ஊருக்கு வெளியே நடந்தது. தெற்கே ஆரல்வாய்மொழிக்கும், கிழக்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் செங்கோட்டைக்கும் வண்டிப் பாதைகள் சீராயின. செங்கோட்டை அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர். 1956-ல்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. அந்தப் பாதையில் புனலூரில் கல்லடையாறு குறுக்கிட்டது. அங்கே தொங்கு பாலம் கட்டும் வேலை அவர் காலத்தின் இறுதியில், 1871-ல் தொடங்கி, அவர் போன பிறகு முடிந்தது. அந்தப் பாலத்தை இன்றும் பார்க்கலாம்.

தலைச்சுமையாக ஓர் ஆள் கொண்டுபோவது ஒரு மூட்டை. ஒரு ஜோடி மாடு பூட்டிய வண்டி நல்ல சாலையில் பத்து ஆள் சுமையைச் சாதாரணமாக இழுக்கும். அந்தப் பத்து ஆள் கூலியும் விலையிலிருந்து இறங்கிவிடும். மலைக்கு மேற்கே மிளகும் சுக்கும் தேங்காயும் பாக்கும் ஏராளம், அரிசிக்குப் பற்றாக்குறை. நாஞ்சில் நாட்டிலும் பாண்டிச் சீமையிலும் நெல் உண்டு. இரண்டுக்கும் நடுவில் பாதை இல்லையென்றால் ஒரு பக்கம் சரக்கு தேங்கும், மறு பக்கம் வயிறு காயும். பாதை வந்ததும் இரு பக்கமும் விலை ஒன்றையொன்று நெருங்கியது. மிளகு விற்றவன் கையில் நாலு காசு கூடியது, அரிசி வாங்கியவன் கையில் நாலு காசு மிஞ்சியது. சாலை தானாக எதையும் விளைவிப்பதில்லை. விளைந்ததற்கு விலை கிடைக்கச் செய்கிறது.

வடக்கே நிலைமை வேறு. அங்கே காயல்கள்தான் சாலை. ஆனால் வர்க்கலைக் குன்று குறுக்கே நின்றது. படகில் வந்த சரக்கை இறக்கி, குன்றைத் தாண்டிச் சுமந்து, மறுபடி ஏற்ற வேண்டும். குன்றைக் குடைந்து இரண்டு சுரங்கக் கால்வாய்கள் வெட்டும் வேலையும் மாதவராவ் காலத்தில் தொடங்கியதுதான். மலைகளிலோ, பீர்மேட்டிலும் ஆஷம்பு மலையிலும் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டங்கள் போட்டார்கள். அந்தத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு ஏறியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். சரக்கு போகும் பாதையில் ஆளும் போகத்தானே செய்வான்.

அவரைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் நாகர்கோவில் பக்கத்தார் ஒப்ப மாட்டார்கள். தோள்சீலைப் போராட்டத்தின்போது நாடார் பெண்கள் பழைய வழக்கத்தை மீறக்கூடாது என்று 1858 கடைசியில் அறிக்கை விட்டவர் இதே திவான். தொடர்ந்து கலவரம் வெடித்தது. சென்னை கவர்னர் தலையிட்ட பிறகே 1859-ல் தடை தளர்ந்தது. கணக்கில் அவ்வளவு தெளிவாக இருந்தவர் இந்த விஷயத்தில் ஊரோடு ஒத்துப் போனார் என்றுதான் சொல்ல வேண்டும்.

சாலைகளின் கதையும் அப்படித்தான். பொதுச் சாலைகள் எல்லாச் சாதியாருக்கும் உரியவை என்று 1865-ல் சர்க்கார் அறிவித்தது. காகிதத்தில் இருந்தது, காலுக்கு வரவில்லை. கல்லுடைத்து மண் சுமந்து சாலை போட்ட கைகளுக்கு உரியவனே அதில் நடக்க முடியாத நிலை பல இடங்களில் நீடித்தது. 1893-ல் அய்யன்காளி வில்வண்டியில் ஏறிப் பொதுச் சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. ஈரோட்டிலிருந்து வந்து பெரியார் சிறை சென்றார். வண்டிக்குத் திறந்த பாதை மனிதர் எல்லோருக்கும் திறக்க அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

1866-ல் மாதவராவுக்கு சர் பட்டம் கிடைத்தது. திருவிதாங்கூரை மாதிரி ராஜ்யம் என்று பிரிட்டிஷார் சொல்லத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். ஆனால் அவரிடம் பாடம் கேட்ட ஆயில்யம் திருநாள் மகாராஜாவுக்கும் அவருக்கும் மனவேற்றுமை வளர்ந்தது. 1872-ல் மாதம் ஆயிரம் ரூபாய் பென்ஷனோடு விலகினார். சும்மா இருக்க விடவில்லை. இந்தூரில் திவான், பிறகு 1875 முதல் 1882 வரை பரோடாவில் திவான். 1887-ல் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது வரவேற்புக் குழுத் தலைவர். 1891 ஏப்ரல் 4-ல் சென்னையில் காலமானார்.

கொல்லத்துக்குச் செங்கோட்டை வழியாக ரயில் வந்தது 1904-ல். அது 1918-ல் திருவனந்தபுரத்தை எட்டியது. தெற்கே நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் ரயில் ஓடத் தொடங்கியதோ 1979-ல்தான். மாதவராவ் பதவியை விட்டு 107 ஆண்டுகள் ஆகும் வரை, தோவாளைப் பூவும் நாஞ்சில் நாட்டு அரிசியும் சாலை வழியேதான் சாலைக் கடைத்தெருவுக்கு வந்துகொண்டிருந்தன.