மழையை ஆராய்ந்த மேதை

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஆலைப்புகையைக் கண்டு வளர்ந்தோர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் மான்செஸ்டர் நகரை எளிதில் மனக்கண்ணாற் காண இயலும். நெசவாலைகள் மலிந்த அவ்வாங்கில நகரில் வாழ்ந்து, மழைநீரை ஆராய்ந்தவர் இராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் ஆவார்.

ஸ்காத்லாந்தில் 1817ஆம் ஆண்டு பிறந்த இவர், ஜெர்மனி சென்று லீபிக் என்னும் பேரறிஞரிடம் வேதியியல் பயின்றார். பின்னர் மான்செஸ்டரில் குடியேறினார். வயல்வெளியினின்று நகரை நெருங்க நெருங்க மழைநீரில் கந்தக அமிலம் மிகுதலை 1852இல் எடுத்துரைத்தார். நிலக்கரியில் உறைந்த கந்தகமே அதன் மூலம். 1872இல் வெளியிட்ட நூலில் அதற்கு அமில மழை என்று பெயரிட்டார்.

சோடா ஆலைகள் வெளிவிடும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியில் நூற்றுக்கு 95 பங்கைத் தடுத்தல் வேண்டும் என 1863இல் சட்டம் பிறந்தது. அதன் முதற் கண்காணிப்பாளராக அமர்ந்த ஸ்மித், முதலாளிகளைத் தண்டிப்பதினும் அவர்கட்கு வழிகாட்டுவதையே விரும்பினார். அவ்வாவியும் பெரிதும் குறைந்தது. ஆனால், நிலக்கரிப் புகை அச்சட்டத்துள் அடங்கவில்லை! 1884இல் மறையும்வரை ஸ்மித் அப்பணியில் இருந்தார், புகையோ நின்றபாடில்லை.

அதன் கொடுமையை மான்செஸ்டருக்கு அருகிலுள்ள பென்னைன் குன்றுகள் தாங்கின. ஆங்குச் செழித்திருந்த ஸ்பாக்னம் என்னும் சதுப்புநிலப் பாசியின் இலை, ஒற்றை உயிரணு அடுக்காலானது, மெழுகுப் போர்வையற்றது. மழை தருவதையே உண்டு வாழும் அச்சிற்றுயிருக்கு மழையே நஞ்சாயிற்று. ஒளிச்சேர்க்கை தளர்ந்தது; வளர்ச்சி குன்றியது; பரந்த கரிசதுப்பில் அப்பாசி ஏறக்குறைய அற்றுப்போயிற்று. கந்தகச் சேர்மங்களே அதன் காரணம் என்பதை 1970களில் ஆய்வாளர் சோதனையால் நிறுவினர்.