வேகத்தைப் பழக்கிய வித்தகர் கரிவரதன்

கொங்கு நாட்டின் பெருமையைக் கூறப் புகுவோர், அதன் பஞ்சாலைகளையும், நீரிறைக்கும் பம்புகளையும், வார்ப்படச் சாலைகளையும் முதற்கண் எடுத்துரைப்பர்; அதன்பின் ஜி. டி. நாயுடு அவர்களின் அறிவுத்திறனைப் போற்றுவர். இவையனைத்தும் தக்கனவே. ஆயினும் கோயம்புத்தூர் நகரம் இந்திய நாட்டிற்கு அளித்த மற்றொரு கொடையும் உண்டு. செல்வர் சிலரின் பொழுதுபோக்காய் இருந்த மோட்டார்ப் பந்தயத்தை, இளைஞர் படிப்படியாகப் பயிலத்தக்க ஒரு கலையாக்கிய தொண்டே அது. அத்தொண்டிற்கு உரியவர் எஸ். கரிவரதன் ஆவார். பந்தய உலகத்தார் அவரைக் 'கரி' என்றே அன்புடன் அழைத்தனர்.

ஆற்றல் மிக்க வண்டியொன்று புதிதாய்க் கைக்கு வருங்கால் அதனை எங்ஙனம் பழகிக்கொள்வது என்னும் வினாவிற்கு, இவர்தம் வாழ்க்கையிலே தெளிவானதொரு விடை கிடைக்கின்றது. அவ்விடை இக்காலத்து இளைஞர் பலர்க்கும் இன்றியமையாது வேண்டப்படுவது. ஆதலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக வரையப் புகுகின்றோம்.

கரிவரதன் 1954ஆம் ஆண்டு பிறந்தார். கோயம்புத்தூரில் 1910ஆம் ஆண்டு தோன்றிய இலட்சுமி ஆலையை நடத்திவந்த குடும்பமே அவர் குடும்பம். செல்வத்திற்குக் குறைவில்லை. ஆலையின் கணக்குகளைப் பார்த்துக்கொண்டு இனிதே காலங்கழித்திருக்கலாம். ஆனால் அவர் உள்ளம் இயந்திரத்தின்பாற் சென்றது. இஃது அவர் பிறந்த மண்ணின் இயல்புக்கு ஒத்ததே. 1930களின் தொடக்கத்தில் பைகாரா மின்சாரம் வந்த நாள் தொட்டு இந்நகரத்தில் ஆலைகள் பெருகின. ஆலைகளைச் சார்ந்து பட்டறைகள் பெருகின. கடைசல் பிடிப்போரும், வார்ப்படம் வார்ப்போரும், இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவோரும் தெருவுதோறும் நிறைந்தனர். இத்தகையதோர் ஊரிலே பிறந்தவர் வண்டியை ஓட்டுவதோடு அமையாது, அதனைத் தாமே ஆக்கவும் விரும்பியதில் வியப்பொன்றுமில்லை.

அக்காலத்துப் பந்தயங்களின் நிலையை ஒருவாறு அறிந்தாலன்றி அவர் செய்த தொண்டின் அருமை விளங்காது. சென்னைக்கு வடக்கே சோழவரம் என்னும் ஊரில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையொன்று இருந்தது. போர் முடிந்த பின்னர் அதுவே பந்தயக் களமாயிற்று. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மக்கள் அங்குத் திரண்டனர். ஆயின் ஓடுதற்குத் தக்க வண்டிகள் எங்கே? அந்நாளில் இந்தியாவில் விற்கப்பெற்றவை அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என விரல்விட்டு எண்ணத்தக்கனவே. வெளிநாட்டினின்று வண்டி கொணர்வதற்குத் தடைகள் பல; வரியோ மிகுதி. ஆதலின் வீட்டுக் கார்களைப் பிரித்துத் திருத்தி ஓட்டுவோர் ஒருபுறமும், எங்ஙனமோ அயல்நாட்டுப் பந்தய வண்டியைப் பெற்ற செல்வர் மற்றொருபுறமுமாக நின்றனர். இவ்விரு திறத்தார்க்கும் இடையே ஏணி இல்லை. கீழ்நிலையில் நிற்போன் மேல்நிலைக்கு ஏற வேண்டுமாயின் ஒரே பாய்ச்சலாய்ப் பாய்தல் வேண்டும். அப்பாய்ச்சலிற் பொருளையும் இழக்கலாம், உயிரையும் இழக்கலாம்.

கரிவரதன் அச்சோழவரத்திலே ஓட்டுநராய்த் தோன்றிப் புகழ் பெற்றார். தாமே வண்டிகளை வடிவமைத்துக் கோயம்புத்தூர்ப் பட்டறையிற் கட்டினார். ஓட்டுபவரே ஆக்குபவராகவும் இருந்தமையால், வண்டி எவ்விடத்தில் மனிதனுக்கு அடங்குகின்றது, எவ்விடத்தில் அடங்க மறுக்கின்றது என்பதைத் தம் கைகளாலேயே அறியும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டியது.

இங்கிலாந்தில் இக்குறை முன்னரே உணரப்பட்டிருந்தது. 1967ஆம் ஆண்டு அங்குப் பார்முலா போர்டு என்னும் பந்தய வகை தொடங்கப்பெற்றது. சாதாரணப் போர்டு காரின் எஞ்சினைப் பூட்டிய ஒற்றை இருக்கை வண்டிகளே அதில் ஓடின. எல்லார்க்கும் ஏறத்தாழ ஒரே ஆற்றல். ஆதலால் வெற்றியும் தோல்வியும் பெரிதும் ஓட்டுபவன் கையிலேயே இருந்தன. உலகப்புகழ் பெற்ற பிரேசில் நாட்டு ஐர்டன் சென்னாவும் 1981ஆம் ஆண்டு அவ்வகை வண்டியில் ஓடியே பின்னர் மேல்நிலை எய்தினார்.

இந்தியாவிலும் அத்தகைய முதற்படியை அமைக்கும் காலம் கனிந்தது. 1983ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி 800 என்னும் சிறு கார் வெளிவந்தது. அதன் எஞ்சின் மூன்று சிலிண்டர் உடையது. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவினது. நாற்பதிற்கும் குறைந்த குதிரைத்திறனது. பந்தயம் என்றவுடன் பேரெஞ்சினைக் கனவு காண்பவர் இதனைக் கண்டு நகைத்திருத்தல் கூடும். கரிவரதனோ அதனையே கைக்கொண்டார். அச்சிறு எஞ்சினைத் தாழ்ந்த, இலேசான ஒற்றை இருக்கை வண்டியிற் பூட்டினார். 1988ஆம் ஆண்டு பார்முலா மாருதி என்னும் பந்தய வகை தோன்றிற்று. எஞ்சினும் உறுப்புகளும் உள்நாட்டில் எளிதிற் கிடைப்பவை. பழுதுற்றாலும் குறைந்த செலவிற் சீர்செய்யத்தக்கவை. நடுத்தரக் குடும்பத்து இளைஞனும் முயன்றால் நெருங்கக்கூடிய வண்டி ஒன்று இங்ஙனம் நம் நாட்டிற் பிறந்தது.

சிறிய எஞ்சின் எவ்வாறு பெரிய ஆசிரியனாகும் என ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவோம். ஆற்றல் குறைந்த வண்டி ஓட்டுபவனின் பிழையை மறைப்பதில்லை. வளைவிலே தவறான கோட்டிற் சென்று வேகத்தை இழந்தான் எனின், அவ்வேகத்தை மீட்க நேரான பாதை முழுதும் போதாது. அதற்குள் ஐவர் அவனைக் கடந்துவிடுவர். ஆகவே எங்கே பிரேக்கை மிதிப்பது, எங்கே விடுவது, ஸ்டீயரிங்கை எவ்வளவு மெல்லத் திருப்புவது என்பவற்றை அவன் கற்றே தீர வேண்டும். பேராற்றல் உடைய வண்டியோ இதற்கு நேர் மாறானது. வளைவிற் செய்த பிழையை, ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்தியவுடன் அடுத்த நேர்பாதையில் மறைத்துவிடும். பிழை செய்தவன் தன்னைத் தேர்ந்தவன் எனவே கருதிக்கொள்வான். பின்னொரு நாள், மழை பெய்து ஈரமான வளைவொன்றில், மறைத்துவைத்த பிழையனைத்தையும் ஒருங்கே எடுத்துக்காட்டி அவ்வண்டி தண்டிக்கும்.

இவ்வுண்மை கொங்கு நாட்டு வேளாண் மக்களுக்குப் புதியதன்று. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில் நடைபெறும் ரேக்ளாப் பந்தயங்களில் இளங்காளைகளுக்கு ஒரு தொலைவும் முதிர்ந்த காளைகளுக்கு வேறொரு தொலைவும் வகுத்திருப்பதை நாம் காண்கின்றோம். கயிறு பிடிக்கப் பழகாத சிறுவனிடம் துடிப்பான காங்கேயம் காளையை எவரும் ஒப்படைப்பதில்லை. காளைக்கு அளித்த மதிப்பை எஞ்சினுக்கும் அளிக்க வேண்டும் என்பதே கரிவரதன் அமைத்த ஏணியின் பொருள்.

இயற்கைநூல் உணர்த்தும் கணக்கும் இதுவே. வேகம் இருமடங்காயின் வண்டியை நிறுத்தத் தேவையான பிரேக்குத் தூரம் இருமடங்கன்று, நான்மடங்காகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் ஓடிவிடும்; கண் கண்டதைக் கால் அறிந்து பிரேக்கை மிதிக்கு முன்னரே அத்தூரம் கழிந்திருக்கும். மற்றொன்றும் உண்டு. சாலையைப் பற்றியிருப்பவை நான்கு டயர்களின் அடிப்பகுதியாகிய, உள்ளங்கையளவிற்குச் சற்றே மிகுந்த பரப்புகள் மட்டுமே. திருப்புதற்கும், விரைதற்கும், நிற்றற்கும் வேண்டிய பிடிப்பு அனைத்தையும் அவையே பகிர்ந்தளிக்க வேண்டும். வளைவிலே பிடிப்பு முழுவதையும் திருப்புதற்குச் செலவிட்ட பின் ஆக்ஸிலரேட்டரை ஓங்கி அழுத்தினால், பின்சக்கரங்கள் தம் பிடியை விட்டு வழுக்கும். அஞ்சிக் காலைத் திடீரெனத் தூக்கினாலோ பாரம் முன்னே சாய, பின்பக்கம் இலேசாகி வண்டி சுழலும். நாற்பது குதிரைத்திறன் உடைய வண்டியில் இப்பிழைகள் பெரும்பாலும் மெல்ல நிகழும். திருத்திக்கொள்ள நேரம் உண்டு. நானூறு குதிரைத்திறன் உடைய வண்டியில் அவை கண்ணிமைக்கும் பொழுதில் நிகழ்ந்து முடியும்.

இவ்வேணியின் பயன் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன், 1990களின் தொடக்கத்தில் பார்முலா மாருதி வண்டியிலேயே பந்தய வாழ்க்கையைத் தொடங்கினார். 1994ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பார்முலா போர்டு குளிர்காலப் பந்தயத் தொடரை வென்றார். 1996ஆம் ஆண்டு பார்முலா ஆசியாவின் வாகை சூடினார். பின்னர் பார்முலா மூன்று முதலிய படிகளைக் கடந்து, 2005ஆம் ஆண்டு ஜோர்டன் குழுவின் வாயிலாகப் பார்முலா ஒன்று பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு அமெரிக்காவில், ஆறு வண்டிகளே ஓடிய பந்தயத்தில் நான்காம் இடமும் பெற்றார். 796 கன சென்டிமீட்டர் எஞ்சினிலிருந்து 3,000 கன சென்டிமீட்டர், பத்துச் சிலிண்டர் எஞ்சினை அடைய அவருக்குப் பன்னீராண்டளவு ஆயிற்று. பிறவித்திறன் வாய்ந்த ஒருவர்க்கே அத்துணைக் காலம் வேண்டியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அம்மகிழ்ச்சியைக் கண்டு களிக்கக் கரிவரதனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. நிலத்தில் விரைந்தது போலவே வானில் பறப்பதிலும் அவர் பேரார்வம் உடையவர். 1995ஆம் ஆண்டு நிகழ்ந்த வானூர்தி விபத்தொன்றில் அவர் உயிர் நீத்தார். அப்பொழுது அவர்க்கு வயது நாற்பதைச் சற்றே கடந்திருந்தது. பழக்கமும் அறிவும் ஆபத்தைக் குறைக்குமேயன்றி அறவே ஒழித்துவிடா என்னும் கசப்பான உண்மையை அம்முடிவு நம் கண்முன் நிறுத்துகின்றது. கற்றவனுக்கே இந்நிலை எனின், கல்லாது துணிபவன் நிலையை என்னென்பது!

அவர் நினைவு மறையவில்லை. கோயம்புத்தூருக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் 2003ஆம் ஆண்டு தொடங்கிவைக்கப்பெற்ற 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயப் பாதை, 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. எதிரே வண்டி வாராத, மாடு குறுக்கிடாத, பள்ளிப் பிள்ளைகள் கடவாத அத்தகைய மூடிய பாதையே வேகத்தைக் கற்கத்தக்க இடமாகும்.

இன்று நம் நாட்டில் நிலைமை பெரிதும் மாறியிருக்கின்றது. முந்நூறு, நானூறு குதிரைத்திறன் உடைய விளையாட்டுக் கார்கள் கடைகளிலேயே விற்கப்படுகின்றன. ஆயின் நம் ஓட்டுநர் உரிமம், மாருதி 800 ஓட்டுபவனையும் அப்பேராற்றல் வண்டியை ஓட்டுபவனையும் வேறு பிரித்துக் காண்பதில்லை; இலகு வாகனம் என்னும் ஒரே வகுப்பில் இரண்டும் அடங்குகின்றன. ஐரோப்பிய நாடுகளில் மோட்டார்சைக்கிள் ஓட்டுவோர்க்கு ஆற்றலுக்கேற்பப் படிப்படியான உரிமம் உண்டு. இங்கே சட்டம் அமைக்காத படிகளை ஓட்டுபவன் தானே தனக்கு அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

அப்படிகள் கடினமானவை அல்ல. புதிய வண்டி வந்த முதல் வாரங்களில் நண்பர் கூட்டத்தை ஏற்றாது தனித்தோ, தேர்ந்த ஒருவரை அருகிருத்தியோ ஓட்டுக. ஆளில்லாத் திடலில் முதலில் பிரேக்கைப் பழகுக. விரையக் கற்குமுன் நிற்கக் கற்பதே முறை. ஆக்ஸிலரேட்டரை உதைக்காது, பிழிவதுபோல் மெல்ல அழுத்துக. வளைவிற்கு முன்னரே வேகத்தைத் தணித்து, வளைவு நேராகத் தொடங்கிய பின்னரே விரைக. நாற்பது கொண்டையூசி வளைவுகள் உடைய வால்பாறை மலைப்பாதையில் இறங்குவோன் கீழ்க் கியரைத் துணைக்கொள்ளுக. டயர் குளிர்ந்திருப்பினும் சாலை நனைந்திருப்பினும் பாதி வேகமே போதும் எனக் கொள்க. ஏ.பி.எஸ். முதலிய மின்னணுக் காவல்கள் டயரின் பிடிப்பை நன்கு பயன்படுத்துமேயன்றி இல்லாத பிடிப்பை உண்டாக்கா என்பதையும் அறிக. வேகத்தின் சுவையை முழுதும் காண விழைவோர் அவிநாசிச் சாலையை விடுத்துச் செட்டிபாளையத்திற்குச் செல்க.

அன்பர்காள்! பெரிய எஞ்சின் ஒன்றைப் பெறுதற்குப் பொருள் இருந்தாற் போதும். அதனை ஆளுதற்குக் காலமும் பணிவும் வேண்டும். பெருஞ்செல்வத்திடையே பிறந்த கரிவரதன், தம் அறிவையும் உழைப்பையும் நாட்டிலேயே மிகச் சிறிய கார் எஞ்சினுக்குச் செலவிட்டார். அச்சிறு வண்டியிலிருந்தே இந்தியாவின் முதற் பார்முலா ஒன்று ஓட்டுநர் எழுந்தார். முதற்படியைச் சிறிதென இகழாதவனே மேற்படியில் நிலைத்து நிற்பான் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.