சேனாதிபதி சிறுத்தொண்டரான வரலாறு

சைவ உலகம் போற்றும் நாயன்மார் அறுபத்துமூவருள் அரசர் உண்டு, அமைச்சர் உண்டு, வேடர், குயவர், வணிகர், மீனவர் எனப் பல தொழிலினரும் உண்டு. பெரும்படை நடத்திச் சென்று பகைவரின் தலைநகரையே வீழ்த்தி, அதன் பின்னர்த் தம் இல்லத்து அடுக்களையையே திருக்கோயிலாக்கிக் கொண்டவரும் அவர்களுள் ஒருவர். பரஞ்சோதியார் என்னும் இயற்பெயர் கொண்ட சிறுத்தொண்ட நாயனாரே அவர். திருவிழா நாளில் நம் ஆலயத்தில் அன்னதானப் பந்தியில் அமரும் நாம், அடியார்க்கு அமுதளித்தலையே வாழ்வாகக் கொண்ட அப்பெரியாரின் வரலாற்றை ஒருமுறை நினைவுகூர்தல் நலம்.

பிறப்பும் கல்வியும்

காவிரி பாயும் சோழ வளநாட்டில், திருமருகலுக்கு அருகே அமைந்தது திருச்செங்காட்டங்குடி என்னும் சிற்றூர். அங்கே கணபதீச்சரம் என்னும் திருக்கோயிலில் சிவபெருமான் எழுந்தருளியிருக்கின்றார். அவ்வூரில் மாமாத்திரர் குலத்தில் பரஞ்சோதியார் பிறந்தார். மருத்துவ நூலும் வடமொழி நூல்களும் கற்றார். படைக்கலப் பயிற்சியும், யானையேற்றம் குதிரையேற்றமும் அவருக்குக் கைவந்தன. இத்தனை கலைகளைக் கற்ற பின்னரும் ஈசன் திருவடியை எண்ணுவதே கல்வியின் பயன் என்று அவர் தெளிந்திருந்தார் எனச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் கூறுகின்றார். உடல் போர்க்களத்துக்குப் பழகியது. உள்ளம் அடியார் கூட்டத்துக்குப் பழகியது. அவருடைய வாழ்வு முழுவதற்கும் இவ்விரண்டுமே அடித்தளமாயின.

வாதாபிப் போர்

சேக்கிழார் அரசனின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆயினும் வாதாபி நகரம் அழிந்த செய்தியைக் கொண்டு, அவ்வரசன் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனே என வரலாற்று அறிஞர் முடிவு செய்துள்ளனர். அக்காலத்தில் தக்காணத்தை ஆண்ட சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசி, வடக்கே ஹர்ஷ மன்னனையே நருமதைக் கரையில் தடுத்து நிறுத்திய பெருவீரன். நரசிம்மவர்மனின் தந்தை மகேந்திரவர்மன் காலத்திலேயே அவன் படை பல்லவ நாட்டிற்குள் புகுந்து பெருந்துன்பம் விளைத்தது. மீண்டும் படையெடுத்து வந்தபோது காஞ்சிக்கு அருகிலுள்ள மணிமங்கலம் முதலிய களங்களில் அவன் தோல்வியுற்றான். அதன் பின்னர்ப் பல்லவர் படை சாளுக்கியரின் தலைநகரை நோக்கிப் புறப்பட்டது.

அந்நகரமே வாதாபி. இன்று கர்நாடக மாநிலத்தில் பாதாமி என வழங்குவது. காஞ்சியிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தாலே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. காடும் மலையும் ஆறும் கடந்து, ஆயிரமாயிரம் பேருக்கு உணவும் நீரும் தேடிக்கொண்டு, காலாட்படையோடும் யானைப்படையோடும் அவ்வளவு தூரம் செல்வது எளிய செயலன்று. 642ஆம் ஆண்டளவில் வாதாபி வீழ்ந்தது. நரசிம்மவர்மன் வாதாபி கொண்டான் என்னும் சிறப்புப் பெயர் பெற்றான். அவன் பெயர் பொறித்த கல்வெட்டு இன்றும் பாதாமியின் பாறையில் காணப்படுகின்றது.

அவ்வெற்றியை அரசனுக்கு ஈட்டித் தந்த சேனாதிபதியாகப் பரஞ்சோதியாரைப் பெரியபுராணம் காட்டுகின்றது. மணிகளும் பொற்குவியல்களும் யானைகளும் குதிரைகளும் அவர் அரசன் முன் கொண்டுவந்து நிறுத்தினார். அங்கிருந்து அவர் கொணர்ந்ததாகச் சொல்லப்படும் விநாயகர் திருவுருவம் வாதாபி கணபதி என்னும் பெயரில் திருச்செங்காட்டங்குடிக் கோயிலில் வழிபடப்படுகின்றது. பெரியபுராணம் கூறாத இச்செய்தி அவ்வூர் மக்கள் வழிவழியாகப் போற்றிவரும் மரபு. கல்கி அவர்களின் சிவகாமியின் சபதம் வழியாகப் பரஞ்சோதியை அறிந்தோர் நம்மிடையே பலர். அப்புதினம் போரை விரித்துரைக்கின்றது. நாயனாரின் வரலாறோ அப்போர் முடிந்த பின்னரே சிறக்கின்றது.

அரசன் அளித்த விடை

வெற்றியோடு திரும்பிய சேனாதிபதியின் ஆற்றலை அரசன் வியந்து பாராட்டினான். அப்போது அருகிலிருந்த அமைச்சர்கள், இவர் சிவபெருமானின் மெய்யடியார், ஆதலால் இவரை எதிர்க்க வல்லார் எவருமிலர் என்று உரைத்தனர். அதைக் கேட்ட அரசன் மகிழவில்லை, நடுங்கினான். சிவனடியார் ஒருவரை அறியாமல் கொடிய போர்முனைக்கு ஏவிவிட்டோமே என்று வருந்தினான். தன் பிழையைப் பொறுத்தருள வேண்டும் என்று தன் கீழ்ப் பணிபுரிந்தவரிடமே வேண்டினான். தம் குலத்திற்குரிய கடமையைத் தாம் செய்ததாகவும் அதனால் தீங்கொன்றும் நேரவில்லை என்றும் பரஞ்சோதியார் பணிவோடு மறுமொழி கூறினார். அரசன் பெரும்பொருள் அளித்து, இனித் திருத்தொண்டே செய்து வாழுமாறு வணங்கி விடை கொடுத்தான்.

அரசுப் பணியில் இருக்கும் எனக்கு இப்பகுதியைப் படிக்குந்தோறும் வியப்பு மேலிடுகின்றது. திறமை மிக்க ஓர் அலுவலரை எந்த மேலதிகாரியும் எளிதில் விடுவிப்பதில்லை. வென்று தந்தவனிடம் இன்னொரு வெற்றியைக் கேட்பதே உலக வழக்கம். இங்கோ ஓர் அரசன், தனக்குப் பயன்பட்டவரின் உள்ளம் எதற்காக ஏங்குகின்றது என்பதை அறிந்து வழிவிட்டான். பரஞ்சோதியாரும் தம் படைத்தொழிலைப் பழிக்கவில்லை. வெற்றியைச் சொல்லிப் பெருமை கொள்ளவும் இல்லை. செய்யவேண்டிய கடமையைச் செய்துமுடித்து, உள்ளம் விரும்பிய தொண்டுக்குத் திரும்பினார்.

இல்லறமே தொண்டு

ஊர் திரும்பியவர் திருவெண்காட்டு நங்கை என்னும் நற்குண நங்கையை மணந்தார். நாள்தோறும் சிவனடியார்க்கு முதலில் அமுதளித்து, அதன் பின்னரே தாம் உண்பது என்னும் நியமத்தை மேற்கொண்டார். நூற்றுக்கணக்கான யானைகளை நடத்தியவர், வாயிலில் நின்று வழிப்போக்கரான அடியாரை எதிர்நோக்கினார். படைத்தலைவர் பலரை ஏவியவர், அடியார் முன் தம்மைச் சிறியவராக்கிக் கொண்டு பணிந்தார். அதனாலேயே சிறுத்தொண்டர் என்னும் பெயர் அவருக்கு அமைந்தது. வாதாபியை வென்றதற்காக அரசன் ஒரு பட்டப்பெயர் சூடிக்கொண்டான். வென்று கொடுத்தவரோ சிறுமை என்னும் சொல்லையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார்.

இத்தொண்டு அவர் ஒருவரால் மட்டும் நடைபெறவில்லை. சமைத்துப் படைத்தவர் திருவெண்காட்டு நங்கையார். வீட்டுப் பணிகளில் துணைநின்றவர் சந்தனத் தாதியார். அவர்களின் திருமகனாய்ப் பிறந்து பள்ளிக்குச் சென்று வந்தவன் சீராளதேவன். குடும்பம் முழுவதும் ஒரே நோன்பில் நின்றது. திருஞானசம்பந்தப் பெருமான் அவ்வூருக்கு எழுந்தருளியபோது சிறுத்தொண்டர் எதிர்கொண்டு வணங்கி உபசரித்தார். சம்பந்தரும் தம் பதிகத்தில் அவர் பெயரை அமைத்துப் பாடியருளினார். திருஞானசம்பந்தர் வாழ்ந்த காலம் ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று அறிஞர் கணிப்பதற்கு இப்பதிகமும் வாதாபிப் போரின் காலமுமே துணைநிற்கின்றன.

ஆத்தி மரத்தடியில் வந்த விருந்தினர்

ஒருநாள் அமுதுண்ண அடியார் எவரும் வரவில்லை. சிறுத்தொண்டர் தேடிச் சென்றார். அவ்வேளையில் வடநாட்டிலிருந்து வருவதாகக் கூறிக்கொண்டு பைரவக் கோலத்தில் ஓர் அடியார் இல்லத்தின் வாயிலில் வந்து நின்றார். இல்லத்தலைவர் இல்லாத வீட்டினுள் புகமாட்டேன் என்று மறுத்து, கணபதீச்சரத்து ஆத்தி மரத்தடியில் சென்று அமர்ந்தார். ஒருவரையும் காணாமல் வாடித் திரும்பிய சிறுத்தொண்டர், செய்தியறிந்து மகிழ்ந்து அங்கே ஓடினார்.

வந்தவர் கேட்ட உணவு கேட்டவர் நெஞ்சைக் கலங்கச் செய்வது. ஆறு மாதத்திற்கு ஒருமுறையே தாம் உண்பதாகவும், ஒரு குடிக்கு ஒரே மகனான, குறைபாடில்லாத ஐந்து வயதுச் சிறுவனைத் தந்தை அரியத் தாய் பிடித்து, இருவரும் மனம் உவந்து சமைத்த கறியே தமக்கு வேண்டும் என்றும் அவர் கூறினார். பொருள் கொடுத்தாலும் தம் பிள்ளையைத் தருவார் உலகில் இலர் என்பதைக் கணவனும் மனைவியும் உணர்ந்தனர். பிறர் பிள்ளையை அவர்கள் நாடவில்லை. பள்ளியிலிருந்து தம் மகனையே அழைத்து வந்து, கேட்டபடியே அமுது செய்தனர்.

அடியேன் சிறுவனாய் இருந்தபோது, எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் பாட்டி இக்கதையைச் சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் தமிழ்ப்பள்ளியில் அமர்ந்திருந்தபோது, வீட்டிலிருந்து யாரேனும் என்னை அழைக்க வந்துவிடுவார்களோ என்று வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று நானும் ஒரு தந்தை. அந்த அச்சம் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றேன். இவ்வரலாற்றை அச்சமின்றிக் கேட்பவர் அதனை முழுதும் கேட்டவர் ஆகார் என்றே எண்ணுகின்றேன்.

ஆண்டுகள் பல கடந்தபின் ஓர் எண்ணம் தோன்றியது. இது சேக்கிழார் கூறியதன்று. அடியேனின் சிந்தனை மட்டுமே. வாதாபி வீழ்ந்த நாளிலும் அந்நகரில் ஐந்து வயதுச் சிறுவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கும் தாய்மார் இருந்திருப்பார்கள். போர் பிள்ளைகளைக் கேட்டு வாங்குவதில்லை, கேளாமலே எடுத்துக்கொள்கின்றது. எடுத்ததைத் திருப்பித் தருவதும் இல்லை. படை நடத்திய ஒருவரின் வாயிலில் வந்து இறைவன் வேறொன்றைக் கேளாமல் பிள்ளையைக் கேட்டதை எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகின்றது.

ஆனால் இறைவன் போரைப் போன்றவன் அல்லன். உணவு படைக்கப்பட்டதும், மகனை அழைத்தால்தான் உண்பேன் என்று அடியார் கூறினார். அவன் இப்போது உதவான் என்றார் தந்தை. அடியார் விடவில்லை. இருவரும் வெளியே சென்று பெயர் சொல்லி அழைத்தனர். பள்ளி விட்டு வரும் பிள்ளையைப் போலச் சீராளன் ஓடிவந்தான். தாய் வாரியெடுத்துத் தந்தை கையில் கொடுத்தாள். உள்ளே வந்து பார்த்தால் அடியாரும் இல்லை. சமைத்த கறியும் இல்லை. வானில் உமையம்மையோடும் முருகப்பெருமானோடும் சிவபெருமான் விடைமேல் காட்சியளித்தார். நாயனார், நங்கையார், சீராளர், சந்தனத் தாதியார் ஆகிய நால்வரும் ஒருங்கே சிவப்பேறு எய்தினர். சேனாதிபதி தனியே முத்தி அடையவில்லை. பணிப்பெண் உட்பட அந்த வீடே முத்தி அடைந்தது.

இது எவரும் பின்பற்றுவதற்குரிய செயலன்று. உயிர்ப்பலியை விரும்பும் தெய்வத்தின் கதையும் அன்று. பிள்ளையைத் திருப்பித் தந்தருளிய தெய்வத்தின் கதை இது. நமக்கென விடப்பட்டது நாள்தோறும் அடியார்க்கு அமுதளித்த அந்த நியமமே.

நிலைத்தது எது

வாதாபியில் பெற்ற வெற்றி எத்தனை காலம் நின்றது? 655ஆம் ஆண்டளவிலேயே புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் சாளுக்கிய அரசை மீட்டெடுத்தான். பின்னர்ச் சாளுக்கியர் படை மீண்டும் பல்லவ நாட்டிற்குள் புகுந்தது. ஒரு பிள்ளை பிறந்து வளர்ந்து பதின்மூன்று வயது ஆவதற்குள் அப்பெருவெற்றி பழங்கதையாயிற்று.

சிறுத்தொண்டர் இட்ட சோறோ மறக்கப்படவில்லை. சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் அவரைப் போற்றினார். முதலாம் இராசராச சோழன் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் சிறுத்தொண்ட நம்பி, திருவெண்காட்டு நங்கை, சீராளதேவர் ஆகியோரின் செப்புத் திருமேனிகள் எழுந்தருளுவிக்கப்பட்டதை அங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது. சேனாதிபதியின் உருவோடு போர்க்குதிரையை அவர்கள் வடிக்கவில்லை. மனைவியையும் மகனையும் உடன் வடித்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அவ்வரலாற்றை விரித்துப் பாடினார். ஆண்டுதோறும் சித்திரைப் பரணியில் திருச்செங்காட்டங்குடியில் அமுதுபடையல் விழா நிகழ்கின்றது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த அடுப்பு அணையவில்லை.

நமக்குரிய பாடம்

நம் தஞ்சோங் ரம்புத்தான் வட்டாரத்துக்கும் சீருடைப் பணி புதிதன்று. அருகிலுள்ள உலு கிந்தாவில் பொது நடவடிக்கைப் படையின் முகாம் உள்ளது. எல்லைப்புறங்களிலும் காடுகளிலும் பணியாற்றி, மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்திருப்போரை நாம் அறிவோம். பணி ஓய்வு பெற்றபின் இனி என் வாழ்வுக்கு என்ன பொருள் என்று திகைப்போரையும் அறிவோம். அவர்களுக்குச் சிறுத்தொண்டர் ஒரு வழி காட்டுகின்றார். கட்டளைக்குக் கீழ்ப்படிந்து பழகிய அதே ஒழுக்கம் தொண்டிற்கும் உதவும். படையில் கற்ற விழிப்பு, பசித்தவரைத் தேடிச் செல்லவும் உதவும்.

நம் ஊரின் பெயர் நாடெங்கும் தெரியும். 1911ஆம் ஆண்டு முதல் இங்கே இயங்கிவரும் மனநல மருத்துவமனையே அதற்குக் காரணம். அப்பெயரைச் சொல்லிப் பிறர் நகைப்பதையும் நாம் கேட்டிருக்கின்றோம். அங்கே நலம் பெற்ற பின்னும் அழைத்துச் செல்ல உறவினர் வாராதோர் இருப்பின், அவர்களும் நமக்கு ஆத்தி மரத்தடியில் அமர்ந்திருக்கும் விருந்தினரே. உணவு வேளையில் வாயிலில் வந்து நிற்பவர் யார் என்று சிறுத்தொண்டர் ஆராயவில்லை. நாமும் ஆராயாமல் இலை போடுவோம்.

மெய்யன்பர்களே! இத்திருவிழாவில் அன்னதானப் பந்தியில் ஒரு கரண்டி சோறு பரிமாறும் வாய்ப்புக் கிடைப்பின், அதைப் பிறரிடம் விட்டுவிடாதீர்கள். மனைவி மக்களையும் உடன் அழைத்து வாருங்கள். பிள்ளைகள் தண்ணீர் எடுத்துக் கொடுக்கட்டும். வாதாபியை வென்றவர் அதற்கு மேலான பதவி ஒன்றை வாழ்வில் தேடவில்லை.

சிறுத்தொண்ட நாயனார் திருவடிகள் போற்றி!

திருச்சிற்றம்பலம்.